லோரீன் சேர்ந்த சங்கம்

கல்லூரி நாளில் சேராமல் விட்ட பெண்களையும் வயதான பிறகு சேர்த்துக்கொள்கிற சகோதரிகள் சங்கம் ஒன்று எங்கள் அலபாமா ஊரில் இருக்கிறது. அதில் சேர்ந்தே தீருவேன் என்று ஐம்பத்தெட்டு வயதில் ஒற்றைக்காலில் நின்றாள் என் மனைவி லோரீன்.

"சந்தா கறக்கத்தான் கூப்பிடுறாளுங்க," என்றேன்.

"உங்களுக்கு எதுலதான் சந்தேகமில்லை? வண்டியை எடுங்க."

ஆம்பிளைகளை உள்ளே விடமாட்டார்கள். சன்னலோரம் நின்று பார்த்தேன். மூத்த உறுப்பினர் யூடோரா எழுந்து கத்தினாள்.

"இவளா? வீடு பெருக்கத் தெரியாது, துணி மடிக்கத் தெரியாது. வாயைத் திறந்தா எதிர்ப்பேச்சு!"

ஓட்டெடுத்தார்கள். யூடோராவைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். லோரீன் சத்தியம் செய்து, சங்கத்துப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"இவ்வளவு திட்டு வாங்கிட்டு என்னடி சிரிப்பு?"

"வீட்டுக்கு வாங்க, தெரியும்."

அன்று ராத்திரி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யூடோரா குழம்பை ருசி பார்த்தாள். முகத்தைச் சுளித்து வாயைத் திறந்தாள்.

லோரீன் பதக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "அக்கா, சங்கத்துச் சகோதரியை வெளியாள் முன்னாடி குறை சொல்லமாட்டேன்னு நீங்களும் சத்தியம் பண்ணவங்கதானே?"

வெளியாள் நான்தான்.

கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதல் தடவையாக, என் அம்மா யூடோரா வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.