கிருமிக்காரி

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க, அக்கா" என்று செவிலி காகிதத்தை மேசையில் நகர்த்தினார். எதிரே நின்ற துப்புரவுப் பணியாளர் முகக்கவசத்தை இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார். செவிலி தன்னையறியாமல் நாற்காலியோடு ஓரடி பின்வாங்கினார்.

அந்த மூக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது எலும்பு வார்டு முழுவதற்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே கிருமிக்காரி.

வேலையை விட்டு அனுப்புவது இது இரண்டாவது முறை. பெருந்தொற்றுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில், எலும்பிலும் மூட்டிலும் கத்தி வைத்த நூறு பேரில் ஏழு பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. தொற்றுத் தடுப்பு இந்தச் செவிலியின் பொறுப்பு. சீழ் வைக்கும் கிருமி நோயில்லாதவர் மூக்கிலும் குடியிருக்கும் என்பதால், ஆபரேஷன் தியேட்டருக்குள் கால் வைக்கிற அத்தனை பேர் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதனைக்கு அனுப்பினார். பெரிய டாக்டரே முதல் ஆளாக வந்து மூக்கைக் காட்டினார்.

பத்தாம் நாள் பெரிய டாக்டர் செவிலியைத் தனியாக அழைத்தார். முடிவு வந்துவிட்டது, தியேட்டரைத் துடைக்கிற அம்மாவிடம்தான் அந்தக் கிருமி இருக்கிறது என்றார். மருந்து போட்டாலும் திரும்ப வரும், ஆளை மாற்றுவதே நல்லது. ஊர் வாயில் விழாமல் இருக்கச் சோதனைச் சீட்டு என்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

பணிநீக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டது செவிலி. அவர் யோசிக்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவரை, 'இவள் என் மகள் மாதிரி, நான் பொறுப்பு' என்று நிர்வாகத்திடமிருந்து காப்பாற்றியவர் பெரிய டாக்டர். அவர் சொன்னால் வேதவாக்கு.

அந்த அக்கா போன பதினைந்தாம் நாள் ஊரடங்கு வந்தது. பெரிய டாக்டருக்கு அறுபத்தாறு வயது, சர்க்கரை வேறு. வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். இளைய டாக்டர்கள் இருவரும் விபத்தில் உடைந்த எலும்புகளை மட்டும் பார்த்தார்கள். தொண்ணூறு ஆபரேஷன். ஒருவருக்குக்கூடச் சீழ் வைக்கவில்லை.

முகக்கவசத்தால் என்றார்கள். கை கழுவியதால் என்றார்கள். பார்க்க வருகிற கூட்டம் நின்றதால் என்றார்கள். செவிலிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி, களையைச் சரியாகத்தான் பிடுங்கியிருக்கிறோம் என்று.

ஊரடங்கு தளர்ந்தது. தள்ளிப்போட்டிருந்த மூட்டு மாற்றுகளைப் பெரிய டாக்டர் ஒரு திங்கட்கிழமை தொடங்கினார். துடைக்க ஆள் போதாமல் நிர்வாகம் பழைய பட்டியலில் இருந்த எல்லோரையும் கூப்பிட, அதே திங்கட்கிழமை அந்த அக்காவும் வாளியோடு வந்து நின்றார்.

முகக்கவசம் அப்படியே இருந்தது, பார்வையாளர் தடையும் அப்படியே. ஆனால் இருபத்திரண்டு பேரில் மூன்று பேருக்குச் சீழ். அதில் ஒரு பஸ் டிரைவருக்கு, வைத்த மூட்டையே கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று.

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. "வேற வழியில்லை, மகளே. நீதான் எழுதணும்" என்றார்.

இப்போது அந்தக் காகிதத்தை அக்கா படிக்கவில்லை. போன தடவை விஷயம் தெரிந்து வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னதையும், பிரசவத்துக்கு வந்த மகள் பிள்ளையைத் தன் கையில் தராமலே திரும்பிப் போனதையும் மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஜலதோஷம் இல்லை, அழுதுகொண்டிருக்கிறார் என்பது செவிலிக்கு அப்போதுதான் உறைத்தது.

"போயிடறேன் சிஸ்டர். அந்தச் சீட்டை மட்டும் ஒரு தடவை காட்டுங்க. என்ன கிருமின்னு தெரிஞ்சா மருந்தாவது போட்டுக்குவேன். பேரனைத் தூக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. செவிலி காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவர் மூக்கில் புதிதாக ஒரு குச்சி விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது: கிருமி இல்லை.

இடையில் தானாகவே போயிருக்கலாம். பழைய முடிவைப் பார்த்தால் விளங்கும். இதற்குப் போய்ப் பெரிய டாக்டரைத் தொந்தரவு செய்வானேன் என்று செவிலி நேரே சோதனைக்கூடத்துக்கு நடந்தார்.

லேப்காரர் பெருந்தொற்றுக் காலம் முழுக்க வேறு கட்டடத்தில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார். எலும்பு வார்டுச் சங்கதி எதுவும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். வரிசையாக இறங்கிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"அந்தம்மாவுக்கு அப்பவும் இல்லையே சிஸ்டர். இருபத்தேழு பேர்ல ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு."

செவிலி குனிந்து அந்தப் பெயரைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

அப்போதும் மனம் அந்த மனிதருக்காகவே வாதாடியது. சீட்டை அவசரத்தில் வரிசை மாற்றிப் படித்திருப்பார். கடைசிவரை தன்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்திருக்காது. அந்தப் பஸ் டிரைவரின் மூட்டு தன்னால்தான் போனது என்று தெரிந்தால் உடைந்துபோவார், பாவம்.

"இதை நான் எப்படி அவர்கிட்டச் சொல்வேன், அண்ணா?" என்றார் செவிலி.

லேப்காரர் புரியாமல் பார்த்தார்.

"பெரிய டாக்டருக்கா தெரியாது? முடிவை நம்பாம, மறுநாளே ரெண்டாவது தடவையும் வந்து மூக்கைக் காட்டினாரே."