மூன்று தட்டு

வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

நான் கொழும்பு ஆஸ்பத்திரிச் சுவரோடு ஒட்டி நின்றேன். தலைக்கு மேலே ஜன்னல். அதற்குள்ளேதான் என் மகள் கம்சாயினி தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தாள்.

நிணநீர்ப் புற்றுநோயாம். பிள்ளைகளுக்குக் காலெலும்பில் அபூர்வமாகத்தான் வருமாம். அபூர்வமானதெல்லாம் எங்களைத் தேடி வந்துவிடும். இப்போது நரம்புக்கும் ஏறிவிட்டதால் முதுகுத்தண்டில் ஊசி. போட்டால் பின்னேரம் வரை தலையைத் தூக்கக் கூடாது. போன முறை என்னைத் தேடி எழும்பிவிட்டு, தலையிடியில் நாள் முழுக்கத் துடித்தாள்.

வார்ட்டில் தாய்மார் மட்டும்தான் நிற்கலாம். அவளுடைய தாயைச் சுனாமி கொண்டுபோய்விட்டது.

யுத்தம் முடிந்துவிட்டதாம். தெருவெல்லாம் பாற்சோறு கொடுத்துக் கொண்டாடினார்கள். என் மகள் வாகரைப் பக்கம் ஷெல்லடிக்குள் வளர்ந்தவள். வெடி கேட்டால் கட்டிலுக்குக் கீழே பாயத்தான் அவளுக்குத் தெரியும். கூப்பிட்டுச் சொல்லலாமென்றால், அன்றைக்கு அந்தத் தெருவில் தமிழில் சத்தம் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

சுவரோரம் ஓர் இரும்புக் குழாய் அவளுடைய கட்டில் பக்கமாக ஏறியது. வீட்டுச் சாவியால் இரண்டு தட்டினேன்.

எங்கள் பக்கம் வாவியில், இருட்டில் தோணிக்குத் தோணி துடுப்பால் அப்படித்தான் தட்டுவோம். இரண்டு தட்டினால், 'நான் இருக்கிறேன்.' மூன்று தட்டினால், 'நீ கரைக்குப் போ, உன் வலையை நான் பார்க்கிறேன்.' மகளுக்கு இரண்டை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மூன்று தட்ட எனக்கு யாரும் மிச்சமில்லை.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒவ்வொரு வெடிக்கும் தட்டினேன். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

மத்தியானம் கழிந்ததும் மூன்று வந்தது. பிள்ளைக்கு எண்ணிக்கை பிசகிவிட்டது என்று சிரித்துக்கொண்டேன். பிறகும் மூன்று. அதற்குப் பிறகும் மூன்று.

வெயில் தணிந்த பிறகு ஜன்னல் திறந்தது. முக்காடு போட்ட ஒரு பெண் கம்சாயினியைத் தோளில் சாய்த்தபடி நின்றாள். மகள் அப்போதுதான் கண் விழித்திருந்தாள்.

அவளுடைய இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தது.

"காலையில இருந்து புள்ள நல்ல உறக்கம்," என்றாள் அந்தப் பெண். "எங்கட வாப்பாவும் ஓட்டமாவடி வாவியில தோணிதான். மூணு மூணாத் தட்டினனே அண்ணன், நீங்க ஏன் சாப்பிடப் போகல்ல?"