ஊதிக் காட்டு

அதிகாரி இழுப்பறையிலிருந்து விசிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அன்னைக்கு எப்படி ஊதினியோ, அப்படியே ஊதிக் காட்டுப்பா."

அவன் விசிலையே பார்த்தான். இத்தனை வருடமாக அந்த விசில்தான் அவன் பிழைப்பு. தண்டவாளத்தில் ஆள் குனிந்து வேலை செய்யும்போது இவன் வளைவைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ரயில் தலை காட்டியதும் ஊத வேண்டும். கேட்டவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு விலகிவிட வேண்டும். இதென்ன பெரிய வேலை என்பார்கள், நின்று பார்க்காதவர்கள்.

அன்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தது அவன் தங்கையின் புருஷன். கூட வேறு ஆள் இல்லை.

வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள், அண்ணனுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு. புகுந்த வீட்டில் ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி பேசியபோது, எங்க அண்ணன் ஊதாம இருந்திருக்காது என்று ஒற்றை ஆளாய் மல்லுக்கு நின்றவள். கதவு திறந்தே கிடந்தது. அவள் காது இங்கேதான் இருந்தது.

சட்டம் ரொம்பச் சுலபம். ஊதியும் விலகவில்லை என்றால் தப்பு செத்தவன் மேல். பெண்டாட்டி பிள்ளை நடுத்தெருவில். ஊதவே இல்லை என்றால் தப்பு இவன் மேல். இவன் ஜெயிலுக்கு, புருஷன் வேலை தங்கைக்கு. இவனுக்கும்தான் குடும்பம் இருக்கிறது. யார் கேட்டார்கள்?

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். மறதிதான் மகா மறதி. குடையைத் தொலைப்பார், துண்டைத் தொலைப்பார். கல்யாணத்தன்றே வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்தவர் என்று தங்கை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

செருப்பும் தொப்பியும் அவளிடம் திரும்பி வந்தன. சாப்பாட்டு டப்பா மட்டும் வரவில்லை. கடைசியாகத் தன் கையால் கட்டிக் கொடுத்தது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அவன் விசிலை எடுத்தான். உதடு வரை கொண்டுபோனான். பிறகு மேசையிலேயே வைத்துவிட்டான்.

"ஊதலைங்கய்யா. போன் பாத்துட்டு இருந்தேன்."

வெளியே தங்கை ஒப்பாரி வைத்து அழுதிருந்தாலாவது தேவலை. அவள் எழுந்தாள். பையைத் தரையில் வைத்தாள், பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்தாள். இவன் திரும்பிப் பார்க்கும்போது அவள் முதுகுதான் தெரிந்தது. கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அன்று அவன் மூச்சு முட்ட ஊதியிருந்தான். மாப்பிள்ளை உடனே கையைத் தூக்கிக் காட்டினார். விலகி ஓரத்துக்கும் வந்துவிட்டார். இவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்புறம்தான் சட்டென்று திரும்பித் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"ஐயையோ, டப்பா! இதையும் தொலைச்சுட்டுப் போனா உங்க தங்கச்சி வீட்டுக்குள்ளயே விடமாட்டா மச்சான்."

நசுங்கிய டப்பாவைப் பக்கத்துப் பாலத்தடிச் சேற்றில் புதைத்துவிட்டுத்தான் அவன் ஆட்களைக் கூப்பிட ஓடினான்.