காகிதம் சுற்றிய குண்டு

கொலராடோ மலையில் நாளை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்கு இங்கே பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு சட்டப்படி கூடாது; காகிதம்தான் உறை. வேட்டைக் குடிசையின் ஜன்னல் வெயிலில் அண்ணன் ஓரின், ஈயக் குண்டுகளுக்கு ஈரக் காகிதம் சுற்றுகிறான். வருஷா வருஷம் சுற்றித் தரும் தம்பி வெல்டனுக்கு முழங்கால் ஆபரேஷன். போனில் மட்டும்தான் இருக்கிறான். "ரெண்டே சுத்துண்ணே. நுனி மேல நுனி ஏறுனா குழல்ல போகாது." "ஏறலடா." "போன தடவை ஒண்ணை நீ சுத்தினப்பவும் இதையேதான் சொன்ன. மான் சிரிச்சிட்டுப் போச்சு." அடுப்போரம் காய்ந்த முதல் குண்டைக் குழல்வாயில் வைக்கிறான்; கச்சிதமாக உட்காருகிறது. எதிரே வெல்டனின் கட்டில் விரிக்காமல் கிடக்கிறது. "போச்சாண்ணே?" ஓரின் குண்டை வெளியே எடுக்கிறான். "இல்லடா, மாட்டுது." "அப்ப பிரி. முதல்லேர்ந்து சொல்றேன். எனக்கும் இங்க வேலை ஒண்ணுமில்ல."