எந்தக் கதிரை?

"அக்கா, உங்களுக்கு ஒரு கதிரை எழுதட்டோ?"

"எந்தக் கதிரை?" பள்ளிமுனைக் கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மதலேனா நிமிரவில்லை.

"சில்லுக் கதிரைதான், இருந்து உருட்டிக்கொண்டு போறது. நான் வசந்தமலர், ஊர் முருங்கன். பங்குனியிலதான் இந்தத் திட்டத்தில வேலைக்குச் சேர்ந்தனான். மாற்றுத்திறனாளிகள் சொந்தக் காலில நிக்கவேணும் எண்டுதான் இந்த ஆய்வு."

"எந்தக் காலில தங்கச்சி? ஒண்டை மிதிவெடி கொண்டுபோட்டுது."

வசந்தமலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேலைக்கு முயற்சி செய்யேல்லையோ?"

"ஏன் இல்லை? ஏ.எல். பாஸ். கொம்பியூட்டரும் படிச்சனான். மாசியில ஒரு கந்தோர் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. கந்தோர் மேல்மாடியில. கீழ நிண்டு கூப்பிட்டுப் பாத்தன், ஒரு நாயும் இறங்கி வரேல்ல. படியேற ஏலாத ஆளுக்கு வேலை இல்லையெண்டு வாச்சரிட்டைச் சொல்லிவிட்டினம்."

"சீ! மனுசரோ அவை?" வசந்தமலர் பேனாவைத் திறந்தாள். "கந்தோரின்ர பேரைச் சொல்லுங்கோ அக்கா. அறிக்கையில போட்டு நாறடிக்கிறன்."

மதலேனா ஊன்றுகோலை ஓங்கினாள். வசந்தமலர் பயந்து விலகினாள். ஊன்றுகோல் அவளைத் தாண்டி, ரோட்டில் நின்ற வெள்ளை வாகனத்தைக் காட்டியது.

"நீ வந்திறங்கின வாகனம்தானே? கதவில பேர் எழுதிக் கிடக்கு. பாத்து எழுது."

வசந்தமலர் திரும்பிப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"எழுதன்! சில்லுக் கதிரை எனக்கு வேண்டாம். பங்குனியில போய்க் குந்தினியே, மேல்மாடியில ஒரு கதிரை, அதை எழுது!"