ஐந்து அடி இடைவெளி

"ஐயா, சொன்னா கேளுங்க. மதிலுக்கும் சுவருக்கும் நடுவுல அஞ்சு அடி விடணும். அதான் சட்டம்," என்றார் மேஸ்திரி, கையில் நூலுருண்டையோடு.

"மூணு அடி விடுப்பா, போதும்," என்றார் கண்டக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

"யாராவது புகார் கொடுத்தா ஆபீஸ்லேருந்து அளக்க வந்துடுவாங்க. அப்புறம் இடிக்கச் சொல்லுவாங்க."

"நிக்க இடமில்லாத பஸ்ல இன்னும் பத்துப் பேரை ஏத்தினவன் நான். எனக்கே இடத்தைப் பத்திப் பாடம் எடுக்கறியா? நூலைப் பிடி."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். மனைவி போனபின் கண்டக்டர் ஒண்டிக்கட்டை. இருக்கிற அறைகளிலேயே ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இதில் பக்கவாட்டில் இன்னொரு அறை யாருக்கு? மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள், கேட்டே விட்டார்.

"என் பொண்ணுக்கு."

"வெளியூர்லயா இருக்காங்க?"

"இதே ஊர்தான். பிடிச்சவனைக் கட்டிக்கிட்டா. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன். என் பொண்ணாச்சே, வீம்புக்கு என்ன குறைச்சல்? எட்டு வருஷமா மிதிக்கல."

"நீங்க போய்க் கூப்பிடலாமே?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? பேத்தி பொறந்ததே அடுத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று கண்டக்டர் ஏங்காத நாளில்லை.

மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. மகளுக்காகக் கட்டும் அறையை எவனாவது வந்து இடித்துவிட்டுப் போனால் மனிதர் தாங்குவாரா? கண்டக்டர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த காலையில், நூலைத் தள்ளிப் பிடித்து, சட்டப்படி ஐந்து அடி விட்டே அஸ்திவாரம் போட்டுவிட்டார். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுவில் மணலும் செங்கல்லும் குவிந்து கிடந்ததும் வசதியாகப் போயிற்று.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டது.

கட்டட ஆய்வாளர் ஒரு பெண். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேட்டை லேசாகத் தூக்கி, காலால் ஒரு தட்டுத் தட்டி, ஒரே தள்ளில் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அந்தத் துருப்பிடித்த கேட்டோடு தினமும் மல்லுக்கட்டும் மேஸ்திரி வாயைப் பிளந்தார்.

"இந்த வீட்டு மேல ஒரு புகார் வந்திருக்கு," என்றார் ஆய்வாளர், சுவரைப் பார்த்தபடி.

"வாங்க மேடம், உள்ள வந்து உட்காருங்க. ஒரு வாய் தண்ணியாவது..." கண்டக்டர் வாசற்கதவை அகலத் திறந்து வைத்தார்.

"வேண்டாம். வேலையா வந்திருக்கேன்."

டேப்பின் ஒரு முனையை மதிலில் வைத்து மேஸ்திரி பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஆய்வாளர் சுவர் வரை இழுத்துப் போனார். குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். நிமிர ரொம்ப நேரமாயிற்று.

"மூணு அடிதான் இருக்கு," என்றார்.

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணா? வாய் திறந்தால் கண்டக்டரை ஏமாற்றியது வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் அறை போய்விடும். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார்.

"வேலையை நிறுத்தி வைங்க. அடுத்த வாரம் திரும்ப வந்து அளக்கணும்."

"வேற யாராவது வருவாங்களா மேடம்?" என்றார் கண்டக்டர்.

"நானேதான் வருவேன்."

"கண்டிப்பா?"

ஆய்வாளர் பூட்டிக் கிடந்த அறையின் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

மேஸ்திரி பொங்கிவிட்டார். "அந்தம்மா சொல்றது பச்சைப் பொய்யிங்க! உங்ககிட்டச் சொல்லாம நான் அஞ்சு அடி விட்டுத்தான் கட்டினேன். வேணும்னே குறைச்சுச் சொல்லிட்டுப் போகுது. எதையோ எதிர்பார்க்குது!"

"அஞ்சா?"

"நீங்களே பாருங்க!"

கண்டக்டர் மணலைக் காலால் ஒதுக்கி, மதிலிலிருந்து அடிமேல் அடி வைத்து அளந்தார். மூன்றில் சுவர் வரவில்லை. நாலிலும் வரவில்லை. ஐந்தாவது அடி முடியும் இடத்தில்தான் கால் விரல் சுவரில் இடித்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்தது.

"அழாதீங்க ஐயா. மேலதிகாரியைப் பார்த்துச் சொல்லலாம். புகார் கொடுத்த பாவி எவன்னும் கேட்டுடலாம்."

"நான்தான்ப்பா அது. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி குரலை மாத்திப் பேசிப் போன் பண்ணினேன்."

"உங்க வீட்டு மேல நீங்களேவா? எதுக்குங்க?"

"விட வேண்டிய இடத்துல கட்டினாத்தானே அளக்க ஆள் வரும்? இந்தப் பக்கத்துக்கெல்லாம் அளக்க வர்ற ஆபீசர் என் பொண்ணுதான்," என்றார் கண்டக்டர். அழுகையும் சிரிப்புமாக ஐந்து அடி மணலைத் திரும்பிப் பார்த்தார். "திரும்ப வர அவளுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கு, மேஸ்திரி!"