தோற்கருவிக் குடும்பம்

பாடப்புத்தகத்தில் இருந்த 'தோற்கருவி வகை' என்ற தலைப்பு இசை ஆசிரியர் சபேசனுக்குப் பிடிக்காது. "வகைன்னா கடைச்சரக்கு மாதிரி இருக்கு. குடும்பம்னு எழுதுங்க" என்பார். மிருதங்கம், தவில், பறை எல்லாம் தோலில் பிறந்த உடன்பிறப்புகள் என்பார்.

அவர் வகுப்பிலேயே படித்து வளர்ந்த மகள் கோமதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பறைக் கலைஞன் செழியனை வீட்டுக்கு அழைத்துவந்தாள். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சபேசன் அவனை உட்காரச் சொல்லவில்லை. கூடத்து மூலையில் இருந்த மிருதங்கத்தைத் தூக்கி உள்ளறையில் வைத்துவிட்டு வந்தார்.

"ஒரே குடும்பம்னு நீங்கதானேப்பா சொல்லிக்குடுத்தீங்க?"

"அது பாடம்."

மறுநாள் வகுப்பில், கரும்பலகையில் 'வகை' என்று எழுதினார். பிள்ளைகள் நோட்டில் 'குடும்பம்' என்பதை அடித்துத் திருத்திக்கொண்டார்கள்.